அலமாரிக்கு இறைத்த வெந்நீர்

பிப்ரவரி மாத பில் வந்த அன்று
ரிம்கௌடாஸ் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.
தொகை குறையவில்லை.

பனெவேஜிஸ் நகரம், ஐந்தாம் மாடி, இரண்டு அறை.
எங்கோ ஊர்க்கோடியில் கொதித்த நீர்
மண்ணுக்கடியில் நடந்து வந்து
சுவரேறி
ரேடியேட்டரின் இரும்பு விலாக்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்
திரும்பிப் போகிறது.
அது நடந்த தூரத்துக்கெல்லாம் கூலி எங்களுடையது.
கொடுக்கிறோம்.
சூட்டைத்தான் காணோம்.

சமையலறையில் இரண்டு ஸ்வெட்டர்,
படுக்கையில் மூன்று.
"எங்கேதான் போகிறது, டாங்வோலே?" என்றார்
திருடன் இன்னும் வீட்டுக்குள் இருப்பதுபோல்
குரலைத் தாழ்த்தி.

தேடினோம்.
யாரும் பார்க்காத டிவியின் சிவப்புக் கண்.
போன் இல்லாமலே சுவரைக் கடித்துக்கொண்டிருந்த சார்ஜர்.
நடைவழியில் இன்னொரு குளிர்பெட்டி:
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினொன்று
இனாமாகக் கொட்டிக் கிடக்க,
உள்ளே காசு கொடுத்து வாங்கிய குளிரில்
ஒரே ஒரு பாட்டில் ஊறுகாய்க் காளான்.
சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினோம்.
காளானை அன்றிரவே தின்றோம்.

இவர்கள் எல்லாம் சில்லறைத் திருடர்கள்.

பெரியவன் படுக்கையறையில் நின்றான்,
மூன்று கதவோடு,
பாதி ஜன்னலையும் முழு ரேடியேட்டரையும்
இருபத்தாறு வருடமாக முதுகால் மறைத்து.
நகர்த்த வேண்டுமென்றால் காலி செய்ய வேண்டும்.
காலி செய்யத் திறக்க வேண்டும்.
அவர் என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்தேன்.

கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது வெயில்.
ஆம், வெயில்தான்; வேறெப்படிச் சொல்வது,
லிதுவேனியாவில் பிப்ரவரியில்.

முப்பது வயதில் என் இடுப்புக்குப் பொருந்திய பச்சைக் கோட்டு.
மூடிப்போன தொழிற்சாலையின் நீலச் சட்டைகள்,
பையில் இன்னும் ஒரு திருப்புளி.
நாத்தனார் யாத்விகா டப்ளின் போகும்போது
"அடுத்த குளிருக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று
மாட்டிவிட்டுப் போன தோல் கோட்டு.
அடுத்த குளிர் பத்தொன்பது முறை வந்து போயிற்று.

தொட்டேன்.
வெதுவெதுப்பாக இருந்தது
இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியதுபோல.
கையை எடுக்கச் சற்று நேரமானது எனக்கு.

நாங்கள் நடுங்கிய இரவெல்லாம்
எங்கள் காசில் குளிர்காய்ந்திருக்கின்றன
ஆளில்லாத தோள்கள்.
விழலுக்கு இறைத்தால் புல்லாவது முளைக்கும்.

"அவள் கோட்டை மட்டும் வைத்திருப்போம்.
கேட்டால் என்ன சொல்வது?" என்றார்.
கேட்பாளா என்று கேட்க போன் போட்டோம்.
தட்டுகள் கழுவும் சத்தத்துக்கு நடுவே யாத்விகா
"எந்தக் கோட்டு?" என்றாள்.

அதன்பிறகு அவர் வேகமாக மடித்தார்.
பைக்குள் பைக்குள் பையாகச் சேர்த்து வைத்திருந்தவை
ஒருவழியாக உதவின.
தேவாலயத்தின் பின்புறம், துணி வாங்கும் அறைக்கு
ஆறு நடை.
வாங்கிக்கொண்ட பெண்
ஒவ்வொன்றையும் உதறியபோது
எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அலமாரி நகர்ந்தது, முனகிக்கொண்டு.
பின்னால் கம்பளி போல் திரண்ட தூசி,
ஒற்றைக் கையுறை,
ஐந்தில் நின்றுபோன திருகுகுமிழ்.
இத்தனை காலமும் முழுவதும் திறந்தே கிடந்திருக்கிறது.
எண்ணெய் விட்டு, துணி சுற்றி, கெட்ட வார்த்தையும் சேர்த்து
அவர் அதை இரண்டுக்குத் திருப்பினார்.

அன்றிரவு ஒரே ஸ்வெட்டர்.
விடிகாலையில் அதுவும் தரையில் கிடந்தது.
சுவரில் அலமாரி நின்ற இடத்தில்
காகிதப்பூக்கள் வாங்கிய நாளின் நிறத்தில்
எங்களை முறைத்துக்கொண்டிருந்தன.
அவர் அங்கே ஏதாவது மாட்டலாமா என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.

மார்ச்சில் பேருந்து நிறுத்தத்தில் அந்தத் தோல் கோட்டைப் பார்த்தேன்.
உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பெண்,
கைகள் நீளம், ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு.
கைகளில் ஊதிவிட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.
இடது பையில் ஓட்டை இருக்கிறது,
சில்லறை போடாதே என்று
சொல்ல வாயெடுப்பதற்குள்
பஸ் வந்துவிட்டது.